சாண்டி டர்ன்புல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த சாண்டி டர்ன்புல்?

முழுப்பெயர் அலெக்சாண்டர் டர்ன்புல். 1884இல் ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர் பகுதியில், கில்மார்னக் நகரத்தை ஒட்டிய ஹர்ல்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உலையும் நிறைந்த ஊர் அது. 1902இல் மான்செஸ்டருக்கு வந்தவர், 1915 வரை அந்த நகரத்திலேயே கால்பந்து ஆடினார். முதலில் மான்செஸ்டர் சிட்டி, பிறகு மான்செஸ்டர் யுனைடெட். சிட்டிக்கு 119 ஆட்டங்களில் 60 கோல், யுனைடெட்டுக்கு 247 ஆட்டங்களில் 101 கோல். இரண்டு கிளப்புகளோடும் எஃப்.ஏ. கோப்பையை வென்றார், யுனைடெட்டோடு இரண்டு முறை லீக் பட்டத்தையும் வென்றார். இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் தடையும் அவர்மேல் இரண்டு தரம் பெரிதாக விழுந்தது. இரண்டாவது தடை நீங்குவதற்குள் முதல் உலகப்போரில் உயிரிழந்துவிட்டார்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு தடைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "ஊழல் பேர்வழி" என்று முடித்துவிடுகிறார்கள். 1906இல் நடந்தது வேறு, 1915இல் நடந்தது வேறு.

எந்த இடத்தில் ஆடுவார்?

பெரும்பாலும் இன்சைட் லெஃப்ட். அன்றைய அணிகள் பின்னால் இருவர், நடுவில் மூவர், முன்னால் ஐவர் என்று நிற்கும். முன்வரிசை ஐவரில் இரண்டு ஓரத்திலும் விங்கர்கள், நட்டநடுவே சென்டர் ஃபார்வர்டு, இடையில் இரண்டு இன்சைடு வீரர்கள். இன்சைடு வீரருக்கு இரட்டை வேலை. நடுக்களத்திலிருந்து பந்தை மேலே கொண்டுவரவும் வேண்டும், விங்கர் ஓரத்திலிருந்து அனுப்பும் கிராஸுக்குக் கோல் முன்னுள்ள பெட்டிக்குள் போய்ச் சேரவும் வேண்டும்.

அன்றைய ஆஃப்சைடு விதியையும் கூடவே நினைவில் வையுங்கள். பந்து வரும் நேரத்தில் முன்னால் நிற்பவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும். 1925இல்தான் அது இரண்டு பேரானது. ஆக, டர்ன்புல்லின் காலத்தில் கோல் அடிப்பது இன்றைவிடக் கடினம். அந்த நிலையிலும் இரண்டு ஆட்டத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக, மொத்தம் 161 கோல்கள்.

ஆள் உயரம் குறைவு, ஆனால் கட்டுமஸ்தான உடம்பு. தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர். கோபமும் சீக்கிரம் வரும். அதற்கான விலையைக் கொடுக்கவும் செய்தார்.

ஸ்காட்லாந்துப் பையன் மான்செஸ்டருக்கு ஏன் வந்தார்?

பணத்துக்காகத்தான். ஆடுவதற்குக் கூலி வாங்கலாம் என்று இங்கிலாந்து 1885இலேயே ஒப்புக்கொண்டது. ஸ்காட்லாந்து ஒப்புக்கொண்டது 1893இல். அந்த இடைவெளியில் தொடங்கிய தெற்கு நோக்கிய ஓட்டம் பிறகும் நிற்கவில்லை. இங்கிலாந்துக் கிளப்புகள் ஸ்காட்லாந்தின் சுரங்க ஊர்களைச் சல்லடை போட்டுத் தேடின. டர்ன்புல்லும் ஹர்ல்ஃபோர்டு திசில் என்ற உள்ளூர் அணியிலிருந்து அப்படித்தான் சிட்டிக்குப் போனார்.

அப்போது சிட்டி இரண்டாம் டிவிஷனில் இருந்தது. மேலாளர் டாம் மேலியும் ஸ்காட்லாந்துக்காரர், செல்டிக் கிளப்பின் வில்லி மேலிக்கு அண்ணன். 1903இல் இரண்டாம் டிவிஷன் பட்டத்தோடு மேலே வந்தார்கள். அடுத்த ஆண்டே லீக்கில் இரண்டாம் இடம், கூடவே எஃப்.ஏ. கோப்பை. 1904 ஏப்ரல் 23 அன்று லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் போல்டன் வாண்டரர்ஸை 1-0 என்று வென்றார்கள். அந்தக் கோல் வேல்ஸ் நாட்டு விங்கர் பில்லி மெரிடித் அடித்தது. டர்ன்புல்லுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருந்ததோ இல்லையோ.

மெரிடித்தின் பெயர் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும். டர்ன்புல்லின் நல்ல காலமும் கெட்ட காலமும் பாதிக்குமேல் அந்த ஆளோடு பின்னியவை.

1905இல் ஆஸ்டன் வில்லாவோடு என்ன அடிதடி?

அந்த சீசனில் டர்ன்புல் லீக்கில் 19 கோல் அடித்திருந்தார். கடைசி நாளில் சிட்டிக்கும் பட்ட வாய்ப்பு இருந்தது. ஆஸ்டன் வில்லாவின் மைதானத்தில் ஆட்டம். 3-2 என்று சிட்டி தோற்றது, பட்டம் நியூகாசிலுக்குப் போனது.

ஆட்டம் முழுக்க முரட்டுத்தனம். வில்லாவின் கேப்டன் அலெக் லீக்கும் டர்ன்புல்லும் மோதிக்கொண்டார்கள். அலெக் லீக் சேற்றை அள்ளி வீசினார், டர்ன்புல் விரலைக் காட்டினார், அப்புறம் குத்து விழுந்தது என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். ஆட்டம் முடிந்ததும் டர்ன்புல்லை வில்லாவின் உடைமாற்றும் அறைக்குள் இழுத்துப்போட்டு அடித்ததாகவும் ஒரு பேச்சு உண்டு.

விசாரணையில் டர்ன்புல்லுக்கு ஒரு மாதத் தடை. இடி விழுந்தது மெரிடித் தலையில். ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி அலெக் லீக்கிடம் 10 பவுண்டு பேசினார் என்று கண்டுபிடித்து அவரை ஓர் ஆண்டு நிறுத்திவைத்தார்கள்.

அப்படியானால் 1906 தடையும் லஞ்சத்துக்காகத்தானா?

இல்லை. எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான்.

1901 முதல் இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்குமேல் கொடுக்கக்கூடாது என்று விதி இருந்தது. ஒரு சாதாரணத் தொழிலாளியின் கூலியோடு ஒப்பிட்டால் அது நல்ல காசுதான். ஆனால் பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உள்ளே வருகிறார்கள், அந்த வருமானத்துக்கு உச்சவரம்பு கிடையாது. கோல் அடிக்கிறவனுக்கு மட்டும் உச்சவரம்பு. வேறு கிளப்புக்குப் போகலாம் என்றால் அதற்கும் பழைய கிளப்பின் அனுமதி வேண்டும். இப்படி ஒரு விதி இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். பெரிய கிளப்புகள் மேசைக்கு அடியில் கொடுத்தன, சிட்டியும் கொடுத்தது.

தடையில் இருந்த மெரிடித் தனக்குச் சேரவேண்டிய காசைக் கேட்டு சிட்டியை நச்சரித்தார். கிளப் கையை விரித்தது. "அப்படியா சேதி" என்று அவர் உள்விவகாரம் அத்தனையையும் போட்டு உடைத்தார். சங்கம் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியது. முடிவு, 17 வீரர்களுக்கு 1906 முடியும்வரை தடை, இனி சிட்டிக்கு ஆடவே கூடாது என்ற உத்தரவு, எல்லோருக்கும் சேர்த்து 900 பவுண்டு அபராதம். மேலாளர் மேலிக்கு இங்கிலாந்துக் கால்பந்தில் இடமே இல்லை என்றார்கள் (அது சில ஆண்டுகளில் தளர்ந்தது). 17 பேரில் டர்ன்புல்லும் ஒருவர்.

அதாவது, ஆட்டத்தை விற்றதற்காக அல்ல, ஆடியதற்கு விதி சொன்னதைவிடக் கூடுதலாகக் கூலி வாங்கியதற்காக. என் கணக்கில் இது குற்றமே இல்லை. அந்த உச்சவரம்பு ஒழிய 1961 ஆயிற்று. அதுவரை எத்தனை தலைமுறை ஆட்டக்காரர்கள் தங்கள் உழைப்பின் விலையைத் திருட்டுத்தனமாக வாங்கினார்களோ!

சிட்டியின் கதி இன்னும் பரிதாபம். புது ஆட்களைத் திரட்டிக்கொண்டு 1906 செப்டம்பர் 1 அன்று களமிறங்கியது. கொளுத்தும் வெயில். ஒவ்வொருவராகச் சுருண்டு வெளியேறி, ஆட்டம் முடியும்போது அந்த அணியில் ஆறே பேர் நின்றார்கள். ஆர்சனல் 4-1 என்று வென்றது.

எதிரிக் கிளப்பான யுனைடெட்டுக்கு எப்படி மாறினார்?

தடைபட்ட வீரர்களை விற்றுத்தான் ஆகவேண்டும் என்ற நிலை. மான்செஸ்டரின் குயின்ஸ் ஹோட்டலில் கிட்டத்தட்ட ஏலம் போலவே விற்பனை நடந்தது. யுனைடெட்டின் மேலாளர் எர்னஸ்ட் மாங்னல் முந்திக்கொண்டார். மெரிடித், டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜெஸ், ஜிம்மி பானிஸ்டர் என்று நால்வரைப் பிடித்தார். யுனைடெட் அப்போதுதான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்தது. சிட்டியும் யுனைடெட்டும் அன்று இன்றைய அளவுக்குக் கீரியும் பாம்புமாக இருக்கவில்லை, அதனால் இதை யாரும் துரோகமாகப் பார்க்கவில்லை.

டிசம்பர் 31இல் தடை முடிந்தது. மறுநாளே, 1907 ஜனவரி 1 அன்று, நால்வரும் யுனைடெட் சட்டையில் இறங்கினார்கள். எதிரே வந்தது ஆஸ்டன் வில்லா! மெரிடித் கிராஸ் போட்டார், டர்ன்புல் கோல் போட்டார், 1-0. பகைமுடிக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

அவருடைய உச்சம் எது?

தயங்காமல் 1907-08. யுனைடெட் முதன்முறையாக லீக் பட்டம் வென்ற சீசன். 30 லீக் ஆட்டங்களில் 25 கோல் அடித்தார். நவம்பரில் ஆர்சனலை 4-2 என்று வென்றபோது நான்கும் அவருடையவை. டிசம்பர் 21 அன்று பழைய கிளப்பான சிட்டிக்கு எதிராக இரண்டு கோல் அடித்துவிட்டு, அதே ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டார். மான்செஸ்டர் டெர்பியில், அதாவது சிட்டி-யுனைடெட் மோதலில், வெளியேற்றப்பட்ட முதல் ஆள் அவர்தான். ரெட் கார்டா என்று கேட்காதீர்கள், அட்டைகள் வந்தது 1970 உலகக்கோப்பையில். அன்று நடுவர் வாயால் சொல்லி அனுப்புவார்.

கோல் கணக்கில் அவர் எத்தனையோ நல்ல சீசன்கள் ஆடினார், ஆனால் இந்த அளவுக்குத் திரும்ப எட்டவில்லை.

ஒரே அணியில் இரண்டு டர்ன்புல் இருந்தார்களாமே?

ஆமாம். சென்டர் ஃபார்வர்டு ஜிம்மி டர்ன்புல், அவரும் ஸ்காட்லாந்துக்காரர், அதே காலத்தில் யுனைடெட்டில் ஆடினார். உறவு எதுவும் இல்லை. 1908இல் நடந்த முதல் சேரிட்டி ஷீல்டு என்ற கோப்பைப் போட்டியில் ஹாட்ரிக் அடித்தவர் ஜிம்மி, சாண்டி அல்ல. இணையத்தில் இதைப் பலரும் மாற்றி எழுதுகிறார்கள். 1909 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் பிளாக்பர்ன் ரோவர்ஸை யுனைடெட் 6-1 என்று நொறுக்கியபோது இருவருமே ஆளுக்கு மூன்று அடித்தார்கள். அன்று மட்டும் யாரைச் சொன்னாலும் சரிதான். ஜிம்மி 1910இல் கிளம்பிவிட்டார்.

1909 இறுதி ஆட்டத்தில் காயத்தோடு ஆடினாரா?

ஆடினார். யுனைடெட் அதுவரை எஃப்.ஏ. கோப்பையை வென்றதில்லை. அரையிறுதியில் நியூகாசிலைத் தாண்டி வந்தவர்களுக்கு எதிரே பிரிஸ்டல் சிட்டி. டர்ன்புல்லுக்கு உடம்பு தேறவில்லை, அவரை இறக்கலாமா வேண்டாமா என்று மாங்னல் யோசித்தார். கேப்டன் சார்லி ராபர்ட்ஸ்தான் "இறக்குவோம், ஒரு கோல் போட்டாலும் போதும்" என்ற ரீதியில் மன்றாடி இடம் வாங்கிக்கொடுத்தார்.

1909 ஏப்ரல் 24, கிரிஸ்டல் பேலஸ். பார்வையாளர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். இரண்டு அணிகளுக்குமே வழக்கமான நிறம் சிவப்பு என்பதால் யுனைடெட் வெள்ளைச் சட்டையில், மார்பில் சிவப்பு நிற V வடிவக் கோட்டோடு வந்தது. 22ஆவது நிமிடம், ஹரால்ட் ஹால்ஸ் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. டர்ன்புல் அதைப் பிடித்து உள்ளே தள்ளினார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். ராபர்ட்ஸ் கேட்டதும் ஒன்றுதானே.

இந்தக் கோப்பைக்கு ஒரு பின்கதை உண்டு. காலிறுதியில் பர்ன்லியிடம் யுனைடெட் 0-1 என்று பின்தங்கியிருந்தபோது பனி கொட்டியதால் நடுவர் ஹெர்பர்ட் பாம்லெட் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். மறுபடி ஆடி யுனைடெட் 3-2 என்று ஜெயித்தது. அதே பாம்லெட் பிற்காலத்தில் யுனைடெட்டின் மேலாளராக வந்து உட்கார்ந்தார்!

தொழிற்சங்கத் தகராறில் அவருக்கு என்ன பங்கு?

1907 டிசம்பரில் மான்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்கள் சங்கம் தொடங்கினார்கள். மெரிடித்தும் ராபர்ட்ஸும் முன்னின்றார்கள். சம்பள உச்சவரம்பும் கிளப்பை விட்டு நகர முடியாத கட்டும் போகவேண்டும் என்பது கோரிக்கை. 1909 கோடையில் கால்பந்துச் சங்கம் கெடு வைத்தது: தொழிற்சங்கத்தை விட்டு விலகு, இல்லையென்றால் தடை. நாடெங்கும் பலர் விலகினார்கள். யுனைடெட் வீரர்கள் மசியவில்லை. அந்த ஆண்டுதான் கோப்பையை வென்ற அணி, கிளப்பின் மைதானத்தில் பயிற்சி எடுக்கக்கூட வழியில்லாமல் ஃபாலோஃபீல்டில் தனியாகப் பயிற்சி எடுத்தது. "ஒதுக்கப்பட்டோர் அணி" என்று ஒரு பலகையில் எழுதிவைத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் டர்ன்புல்லும் உண்டு.

சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 31 அன்று, சமரசம் ஆனது. தொழிற்சங்கம் இருக்கலாம் என்று மேலிடம் ஒத்துக்கொண்டது. உச்சவரம்போ போகவில்லை.

ஓல்டு டிராஃபோர்டின் முதல் கோல் அவருடையதா?

ஆமாம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் கேட்டதும் டெஸ்ட் மைதானம் நினைவுக்கு வரும். அது வேறு, அதற்கு அருகிலேயே இருக்கும் கால்பந்து மைதானத்தைத்தான் இங்கே சொல்கிறேன். அதற்குமுன் யுனைடெட் ஆடிய கிளேட்டன் பகுதியின் பாங்க் ஸ்ட்ரீட் மைதானம் தொழிற்சாலைப் புகையில் மூழ்கிய இடம். மதுபானத் தொழிலதிபர் ஜான் ஹென்றி டேவிஸ் பணம் போட, கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் ஆர்ச்சிபால்ட் லீச் வரைந்து கொடுக்க, புது மைதானம் எழுந்தது. 1910 பிப்ரவரி 19 அன்று லிவர்பூலோடு திறப்பு ஆட்டம். டர்ன்புல் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். யுனைடெட் 3-1 என்று முன்னேறி, பிறகு 3-4 என்று தோற்றது. வரலாறு எழுதிய நாளில் சொந்த ஊர்க்காரர்கள் தொங்கிய முகத்தோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்த ஆண்டே அது ஈடுசெய்யப்பட்டது. 1911 ஏப்ரல் 29 அன்று அதே மைதானத்தில் சண்டர்லாந்தை 5-1 என்று வீழ்த்தினார்கள். அன்றே வில்லா லிவர்பூலில் தோற்றதால் இரண்டாவது லீக் பட்டம் கைக்கு வந்தது. அந்த சீசனில் ஈனக் வெஸ்ட் 19, டர்ன்புல் 18. வெஸ்ட்டின் பெயரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்து அணிக்கு ஏன் ஆடவில்லை?

ஒரு முறைகூட அழைப்பு வரவில்லை. அன்று ஸ்காட்லாந்து ஆண்டுக்கு மூன்றே ஆட்டங்கள் ஆடும்: இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து. இடமோ ஒன்று, போட்டிக்கு ஸ்காட்லாந்து லீக்கிலேயே நல்ல இன்சைடு வீரர்கள் குவிந்து கிடந்தார்கள். தெற்கே போய் ஆடுகிறவர்களுக்கான இடங்கள் எப்போதுமே குறைவு. தடைகளின் கறையும் உதவியிருக்காது. 25 கோல் அடித்த ஆண்டிலும் கூப்பிடவில்லை என்பது எனக்கு இன்னமும் உறுத்தல்தான்.

1915 சூதாட்ட விவகாரம் என்ன?

1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. ஓல்டு டிராஃபோர்டில் யுனைடெட்டும் லிவர்பூலும் மோதின. போர் மூண்டு எட்டு மாதம். அடுத்த சீசன் லீக் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், நடக்காவிட்டால் சம்பளமும் கிடையாது. டர்ன்புல்லுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, அணியில் இடமும் நிரந்தரமில்லை.

யுனைடெட் 2-0 என்று ஜெயித்தது, இரண்டும் ஜார்ஜ் ஆண்டர்சன் அடித்தவை. ஆட்டம் பார்க்கச் சகிக்கவில்லை. பெனால்டி கிடைத்தது, பேட்ரிக் ஓ'கானல் அதைக் கம்பத்தை விட்டு வெகுதூரம் தள்ளி அடித்தார். (அவர்மேல் குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. பின்னாளில் ஸ்பெயினுக்குப் போய் ரியல் பெட்டிஸுக்கு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார்.) லிவர்பூலின் ஃபிரெட் பாக்னம் கோலை நோக்கி அடித்த பந்து கம்பத்தில் பட்டபோது அவருடைய கூட்டாளிகளே அவர்மேல் எரிந்துவிழுந்தார்கள். சரியாக 2-0 என்று ஒன்றுக்கு ஏழு என்ற விகிதத்தில் நிறைய பந்தயம் கட்டப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது.

டிசம்பரில் தீர்ப்பு. யுனைடெட்டில் வெஸ்ட், டர்ன்புல், ஆர்தர் வாலி. லிவர்பூலில் ஜாக்கி ஷெல்டன், டாம் மில்லர், பாப் பர்சல், தாமஸ் ஃபேர்ஃபூல். ஏழு பேருக்கும் ஆயுள் தடை. இவர்களில் ஷெல்டன் முன்னர் யுனைடெட்டில் இருந்தவர், ஆகவே இரு தரப்பையும் அவருக்குத் தெரியும்.

டர்ன்புல் அந்த ஆட்டத்தில் ஆடினாரா?

ஆடவில்லை. யுனைடெட்டின் மூவரில் களத்தில் இருந்தவர் வெஸ்ட் மட்டுமே. டர்ன்புல்லும் வாலியும் வெளியே இருந்தபடி ஏற்பாட்டில் சேர்ந்ததாகத்தான் தீர்ப்பு.

1906க்கு நான் அவர் பக்கம் நிற்பேன், இதற்கு நிற்க மாட்டேன். அந்த வெற்றிக்குக் கிடைத்த இரண்டு புள்ளிகள்தான் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் யுனைடெட்டைக் காப்பாற்றின. சீசன் முடிவில் அது செல்சியைவிட ஒரே புள்ளி மேலே 18ஆவதாக நின்றது. முடிவு மாற்றப்படவில்லை, செல்சி 19ஆவது. (1919இல் டிவிஷனைப் பெரிதாக்கியதால் செல்சி தப்பித்தது.) இருபது ஆண்டு உழைத்தாலும் கையில் ஒன்றும் மிஞ்சாத தொழிலில் இந்தச் சபலம் ஏன் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. புரிவதால் நியாயம் ஆகிவிடாது. செல்சி ஆட்டக்காரனுக்கும் அதே 4, 5 பவுண்டுச் சம்பளம்தானே.

போரில் என்ன ஆனார்?

மிடில்செக்ஸ் ரெஜிமெண்டில், கால்பந்து வீரர்களும் ரசிகர்களும் சேர்ந்த பட்டாளத்தில் சேர்ந்தார். பிறகு ஈஸ்ட் சர்ரே ரெஜிமெண்டின் 8ஆவது பட்டாளத்துக்கு மாறினார். 1916 ஜூலை 1 அன்று, சோம் போரின் முதல் நாளில், கேப்டன் நெவில் கொடுத்த கால்பந்துகளை உதைத்துக்கொண்டே எதிரியை நோக்கி ஓடிய பட்டாளம் அதுதான். டர்ன்புல் லான்ஸ் சார்ஜண்ட் ஆனார். 1917 மே 3 அன்று, அராஸ் போரில், பிரான்சின் ஷெரிசி கிராமத்தைப் பிடிக்கும் முயற்சியில் கொல்லப்பட்டார். அடையாளம் தெரிந்த கல்லறை கிடையாது. அராஸ் நினைவுச்சின்னத்தில் பெயர் இருக்கிறது. மனைவியும் குழந்தைகளும் மான்செஸ்டரில் இருந்தார்கள்.

தடை எப்போது நீங்கியது? மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

போருக்குச் சென்றவர்களின் சேவையைக் கருதி 1919இல் தடை நீக்கப்பட்டது. டர்ன்புல்லுக்கு அது இறந்தபின் கிடைத்த மன்னிப்பு. ஷெல்டன் லிவர்பூலுக்குத் திரும்பினார். மில்லரின் கதை விசித்திரமானது: 1920இல் அதே யுனைடெட்டுக்கே வந்து சேர்ந்தார், ஸ்காட்லாந்து அணியிலும் ஆடினார்.

வெஸ்ட் மட்டும் கடைசிவரை நான் நிரபராதி என்றார். அவதூறு வழக்குப் போட்டார், தோற்றார். மற்றவர்களுக்கு 1919இல் கதவு திறந்தபோது அவருக்குத் திறக்கவில்லை. அவருடைய தடை 1945இல் நீங்கியது. அப்போது அவருக்கு வயது 59.